இரண்டே ஓட்டில் முதலிடம் பிடித்த படம்

டிசம்பர் இரண்டாம் வாரம் வந்தால் போதும், எங்கள் வாட்ஸ்அப் குழுவில் சண்டை தொடங்கிவிடும். அல்சூர், ஜீவன்பீமா நகர், ஒயிட்ஃபீல்டு, கெங்கேரி என்று பெங்களூரில் மூலைக்கொருவராகச் சிதறிக் கிடக்கும் நாற்பது தமிழர்கள் நாங்கள். அந்த ஆண்டின் சிறந்த பத்துத் தமிழ்ப் படங்களை ஓட்டெடுத்து வரிசைப்படுத்துவோம். எண்ணிச் சொல்லும் வேலை என் தலையில். என் பிழைப்பே அதுதான் என்பதால் யாரும் போட்டிக்கு வரவில்லை: வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுவரும் செயலி ஒன்றில், உணவகங்களுக்கு மக்கள் போடும் நட்சத்திரங்களைச் சலித்துப் பார்க்கிறேன். பிரியாணிக்கும் சினிமாவுக்கும் கணக்கு ஒன்றுதான்.

முதல் ஆண்டு நான் அடித்த கூத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொருவரையும் பத்துக்கு மதிப்பெண் போடச் சொன்னேன், சராசரி எடுத்தேன், பட்டியலை அனுப்பினேன். உச்சியில் எங்களில் பெரும்பாலானோர் கேள்விப்பட்டே இராத ஒரு படம், பத்துக்குப் பத்து. போட்டவர்கள் இரண்டே பேர். அதில் ஒருவர், அந்தப் படத்தில் வேலை பார்த்தவருக்கு மச்சான். ராத்திரி பதினோரு மணிவரை என்னைக் காய்ச்சி எடுத்தார்கள். மூன்று பேர் ஐந்து நட்சத்திரம் போட்டதற்காக ஒரு புது மெஸ்ஸைப் பட்டியலின் தலையில் தூக்கி வைக்கக் கூடாது என்று ஆபீசில் பாடம் எடுக்கிற ஆள் நான். சினிமா என்றதும் புத்தி எங்கேயோ போய்விட்டது.

மறு ஆண்டு சராசரியை விட்டுவிட்டுக் கூட்டுத்தொகைக்குத் தாவினேன். பெரிய நடிகர் படம் ஒன்றை 38 பேர் பார்த்திருந்தார்கள், மொத்தம் 281. சின்னப் படம் ஒன்றை 9 பேர், மொத்தம் 79. ஒன்பது பேர் சேர்ந்து வாரி வழங்கினாலும் 90-க்கு மேல் போக முடியாது. அதாவது, எந்தப் படத்துக்கு அதிக அரங்கு கிடைத்தது என்பதை எண்ணிவிட்டு, அதற்குச் 'சிறந்த படம்' என்று பெயர் வைத்திருந்தேன்.

அப்புறம்தான் ஆபீசில் தினமும் செய்வதை இங்கேயும் செய்தேன். ஒவ்வொரு படத்துக்கும் நம் பங்காகப் பத்து 'சுமார்' ஓட்டுகளைச் சேர்த்துவிடுவது. அந்த ஆண்டு எல்லாப் படங்களின் பொதுச் சராசரி 6.5; எனவே பத்து ஓட்டுக்கு 65. பெரிய படம்: 281-உடன் 65 சேர்த்து 48-ஆல் வகுத்தால் 7.21. சின்னப் படம்: 79-உடன் 65, வகுப்பது 19-ஆல், 7.58. முந்தைய ஆண்டின் மச்சான் படத்தையும் இதே தராசில் போட்டுப் பார்த்தேன், 7.08-க்கு இறங்கிவிட்டது. நிறைய பேர் பார்த்த படத்தை இந்தப் பத்து ஓட்டு பெரிதாக அசைக்காது. ரெண்டு பேர் பார்த்ததைத் தரைக்கு இழுத்துவரும். சினிமாவுக்கு மக்கள் மதிப்பெண் போடும் ஐ.எம்.டி.பி. தளத்தின் 'முதல் 250' பட்டியலும் இந்த வகைக் கணக்கில் வந்ததுதான். அங்கே பத்துக்குப் பதில் 25,000. எத்தனை சேர்ப்பது என்பதை ஓட்டைப் பிரிக்கும் முன்பே சொல்லிவிட வேண்டும். பிரித்த பிறகு முடிவு செய்தால், பிடித்த படம் ஜெயிக்கும்வரை அந்த எண்ணை மாற்றிக்கொண்டே இருக்கலாம். எனக்கே கை அரித்தது.

சரி, 'இந்த ஆண்டுப் படம்' என்றால் எது? கேட்க எளிது. 'விசாரணை' 2015 செப்டம்பரில் வெனிஸ் விழாவில் திரையிடப்பட்டது. 2015-க்கான தேசிய விருதும் வாங்கியது. தியேட்டருக்கு வந்தது 2016 பிப்ரவரியில். 'கூழாங்கல்' 2021-இல் ராட்டர்டாம் விழாவில் டைகர் விருது பெற்றது. நம் வீட்டுத் திரைக்கு வர 2023 ஆயிற்று. 'கடைசி விவசாயி' 2022 பிப்ரவரியில் வெளியானது, ஆனால் தேசிய விருதில் 2021-இன் சிறந்த தமிழ்ப் படம். அது குளறுபடி இல்லை. தேசிய விருதுக்குத் தணிக்கைச் சான்றிதழ் தேதிதான் கணக்கு. நாங்கள் வைத்த விதி வேறு: பெங்களூரில் ஒரு சாதாரண ஆள் காசு கொடுத்துப் பார்க்க முடிந்த முதல் நாள். இதுவே சரி என்று சாதிக்க மாட்டேன். ஆனால் விதியை எழுதி வைக்காத பட்டியலில் இப்படிப்பட்ட படங்கள் இரண்டு ஆண்டுக்கும் சொந்தமில்லாமல் காணாமல் போய்விடும்.

பொங்கல் படங்களின் கதியும் ஏறத்தாழ அதே. டிசம்பரில் கேட்டால் தீபாவளிப் படம்தான் வாயில் வரும். இப்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறை கேட்டு வாங்கி வைத்துவிடுகிறேன்.

மதிப்பெண் போடும் கைகளும் ஒரே மாதிரி இல்லை. எங்கள் குழுவில் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர் இருக்கிறார், எல்லோருக்கும் அண்ணன். அவர் கையால் ஏழு வாங்கிய படம் இன்னும் பிறக்கவில்லை. அவர் போடும் ஆறும், எதைப் பார்த்தாலும் ஒன்பது போடும் தம்பிகளின் ஆறும் ஒன்றா? ஆகவே ஒவ்வொருவரும் தன் வழக்கமான சராசரியைவிட எவ்வளவு கூட்டிப் போட்டார் என்பதைத்தான் இப்போது எடுக்கிறேன். மதிப்பெண்ணே வேண்டாம், வரிசை மட்டும் கேட்கலாம் என்பதும் ஒரு வழி. ஆஸ்கரில் சிறந்த படத்துக்கான போட்டியை 2009-ஆம் ஆண்டுப் படங்களிலிருந்து பத்தாக விரித்தபோது, அந்த வழிக்குத்தான் திரும்பினார்கள். பத்துப் படங்களுக்கு ஓட்டுச் சிதறினால், பத்து சதவீதத்துக்குச் சற்று மேல் வாங்கியதே ஜெயித்துவிடக்கூடும். அதனால் யாருக்கும் பாதிக்கு மேல் இல்லையென்றால், கடைசிப் படத்தை நீக்கி, அதற்குப் போட்டவர்களின் அடுத்த விருப்பத்துக்கு ஓட்டை மாற்றுவார்கள். பலருக்கு முதல் விருப்பமாக இல்லாவிட்டாலும் யாரும் பெரிதாக வெறுக்காத படத்துக்கு இது சாதகம்.

விமர்சனங்களைத் திரட்டும் ராட்டன் டொமேட்டோஸ் தளத்தின் சதவீதத்தைப் பார்த்து ஏமாறுகிறவர்கள்தான் அதிகம். அது மதிப்பெண் அல்ல. எத்தனை விமர்சகர்கள் தேறும் என்றார்கள் என்ற எண்ணிக்கை. நூறு பேரும் 'பரவாயில்லை' என்றால் அந்தப் படத்துக்கு 100%.

யார் ஓட்டுப் போடுகிறார்கள் என்பது இதையெல்லாம்விடப் பெரிய விஷயம். 'சைட் அண்ட் சவுண்ட்' என்ற பிரிட்டிஷ் சினிமாப் பத்திரிகை 1952 முதல் பத்து ஆண்டுக்கு ஒருமுறை எல்லாக் காலத்துக்குமான சிறந்த படங்களைக் கேட்கிறது. 1962 முதல் 2002 வரை 'சிட்டிசன் கேன்' அசையாமல் முதலிடத்தில் இருந்தது. 2012-இல் 846 பேர் ஓட்டுப் போட, 'வெர்டிகோ' ஏறியது. 2022-இல் 1,600-க்கும் மேற்பட்டவர்களைக் கேட்டபோது, இயக்குநர் சாந்தால் ஆக்கர்மனின் 1975-ஆம் ஆண்டுப் படம் உச்சிக்கு வந்தது. மூன்றுமே பழைய படங்கள். கேட்ட கூட்டம்தான் புதிது.

எங்கள் சின்னப் படத்துக்கும் இதே கேள்வி உண்டு. அது ஒயிட்ஃபீல்டு மால் ஒன்றில் ராத்திரி 10.15 காட்சி மட்டும் இரண்டு நாள் ஓடியது. கெங்கேரிக்காரர் அதற்குப் போய்விட்டு எப்போது வீடு திரும்புவார்? போன ஒன்பது பேரும் அந்த மாதிரிப் படம் பிடிக்கும் என்று தெரிந்தே மெனக்கெட்டுப் போனவர்கள். 79-இல் பாதி அந்த ஆசைக்கே போட்டதாக இருக்கலாம். பத்து 'சுமார்' ஓட்டால் இந்தச் சாய்வைச் சரிசெய்ய முடியாது.

அதனால் போன டிசம்பரில் சீட்டுக் குலுக்கினேன். ஒவ்வொருவருக்கும் அவர் பார்க்காத இரண்டு படங்கள். ஓடிடியில் பார்த்துவிட்டுத்தான் ஓட்டு. முணுமுணுத்தார்கள், ஏழு பேர் ஏமாற்றினார்கள், மீதிப் பேர் பார்த்தார்கள். வாத்தியார் அண்ணனுக்கு, அந்த ஆண்டு வந்த ஒரு குட்டிப் படம் விழுந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம் அவரிடமிருந்து செய்தி வந்தது: "தம்பி, ஆறரை போடணும். உன் ஃபாரத்துல அரை இல்லையே?"