இரண்டாவது படிக்கட்டின் சாவி யாரிடம்?

கல்லூரி விடுதிக்குள் தணிக்கைக்கு நுழைந்ததும் வார்டனிடம் நான் கேட்கும் முதல் கேள்வி, "பின்பக்கப் படிக்கட்டுக் கதவோட சாவி இப்ப யார்கிட்ட இருக்கு, மேடம்?" என்பதுதான். பகல் பதினொரு மணிக்குக் கேட்டால் பதில் உடனே வரும். இரவு பதினொரு மணிக்குக் கேட்டுப் பாருங்கள். வாட்ச்மேனிடம் என்பார் வார்டன். ஆபீசில் என்பார் வாட்ச்மேன். ஆபீசை ஆறு மணிக்கே பூட்டிவிட்டிருப்பார்கள்.

தீயணைப்புத் துறையில் 24 ஆண்டு வேலை பார்த்தவன் நான். ஓய்வுக்குப் பிறகு கல்லூரிகளுக்குப் பாதுகாப்புத் தணிக்கையும் ஒத்திகையும் செய்து கொடுக்கிறேன். பெரும்பாலும், கல்லூரிகளை மதிப்பிட்டுத் தரச்சான்று தரும் நாக் குழு வருவதற்கு ஒரு மாதம் முன்புதான் என் ஞாபகம் அவர்களுக்கு வரும். பேரிடர் மேலாண்மைத் திட்டம் எல்லா இடத்திலும் இருக்கிறது. வழுவழுப்பான தாளில், ஸ்பைரல் பைண்டிங்கோடு. கடலில் இருந்து இருநூறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஒரு கல்லூரியின் திட்டத்தில், சுனாமி வந்தால் என்ன செய்வது என்று ஐந்து பக்கம் படித்தேன். எங்கிருந்து எடுத்தார்கள் என்று கேட்கவில்லை. ஒரு பக்கத்தின் அடியில் வேறொரு கல்லூரியின் பெயர் அழியாமல் இருந்தது.

போன ஆண்டு ஒரு மகளிர் விடுதியில் இரவு ஒத்திகை வைத்தோம். ஊர் பெயர் வேண்டாம். நான்கு மாடி, முந்நூற்றுச் சொச்சம் மாணவிகள். முதல்வருக்கும் வார்டனுக்கும் மட்டுமே விஷயம் தெரியும். 10.45க்கு மணி அடிக்கச் சொன்னேன்.

மணி அடித்தது. ஒருவரும் வரவில்லை. மெஸ்ஸுக்கும் ரோல் காலுக்கும் அடிப்பது அதே மணிதான். மறுபடி ரோல் காலா என்று இரண்டு பேர் வராந்தாவில் எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்கள். தீ எச்சரிக்கைக் கருவி அந்தக் கட்டடத்தில் இல்லாமல் இல்லை. யாராவது கெட்டிலில் மேகி கொதிக்கவைத்தால் ஆவி பட்டுக் கத்துகிறது என்பதால், பேனலில் சத்தத்தை அணைத்து வைத்திருந்தார்கள். வார்டனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வாரத்தில் மூன்று நாள் நள்ளிரவில் எழுந்து ஓடியவருக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும்.

இது நம் ஊரில் மட்டும் நடப்பதில்லை. அமெரிக்காவில் நியூஜெர்சியின் சீட்டன் ஹால் பல்கலைக்கழகத்தில் 2000 ஜனவரி 19 அதிகாலை, போலண்ட் ஹால் விடுதியில் தீப்பிடித்தது. அலாரம் ஒழுங்காகவே ஒலித்தது. அதற்கு முந்தைய மாதங்களில் அது பலமுறை சும்மா ஒலித்திருந்ததால், இதுவும் அப்படித்தான் என்று பலர் படுக்கையை விட்டு எழவில்லை. மூன்று மாணவர்கள் இறந்தார்கள். ஐம்பதுக்கும் மேற்பட்டவர்களுக்குக் காயம். அதன் பிறகுதான் அந்த மாநிலம் விடுதிகளில், தீப்பிடித்தால் தானாகத் தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரிங்க்ளர் கட்டாயம் என்று சட்டம் போட்டது. பொய் அலாரத்துக்கு மருந்து, அது ஏன் ஒலிக்கிறது என்று பார்த்துச் சரிசெய்வது. மாடிக்கு ஒரு சின்னச் சமையல் மேடை, ஒரு பிளக் பாயிண்ட், ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் கொடுங்கள். கெட்டிலைத் தடை செய்தால் அது கட்டிலுக்கு அடியில், எக்ஸ்டென்ஷன் பாக்ஸோடு சேர்ந்து போர்வைக்குள் போகும். தடை செய்த விடுதிகளில்தான் கருகிய பிளக்குகளை நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

ஒத்திகைக்கு வருகிறேன். வார்டன் மாடி மாடியாகப் போய்க் கதவைத் தட்டிய பிறகு கூட்டம் நகர்ந்தது. எல்லோரும் முன்படிக்கட்டில்தான் இறங்கினார்கள். தரைத்தளத்தில் தீ என்பதுதான் எங்கள் கற்பனை. அப்படி உண்மையிலேயே நடந்திருந்தால் அந்தப் படிக்கட்டு புகைபோக்கி ஆகியிருக்கும். சூடான புகை மேலேதான் ஏறும். அது ஏற வழி படிக்கட்டுதான். தீ தொடுவதற்கு முன்பே புகை ஆளைக் கொன்றுவிடும். அதில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூங்குகிறவர் தூக்கத்திலேயே மயங்கிவிடுவார். கட்டடத்துக்கு இரண்டாவது படிக்கட்டு வைப்பது இதற்காகத்தான். அந்த இரண்டாவது படிக்கட்டின் கிரில் கேட்டில் பூட்டு தொங்கியது.

எழுபது வயதை நெருங்கும் வாட்ச்மேன் பெரியவர் சாவிக்கொத்தோடு ஓடி வந்தார். நாற்பது சாவிகளாவது இருக்கும், ஒன்றிலும் சீட்டு இல்லை. டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒன்பது நிமிடம். வியர்த்துப்போய், "மன்னிச்சுக்குங்க சார்" என்றார். அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்க என்ன இருக்கிறது?

வெளியே மைதானத்தில் அடுத்த சிக்கல். எத்தனை பேர் வந்திருக்கிறார்கள், உள்ளே யார் மிச்சம்? பதிவேடு வார்டன் அறையில். பயோமெட்ரிக் கணினியும் அங்கேதான். எரிவதாக நாங்கள் வைத்துக்கொண்ட கட்டடத்துக்குள் இரண்டும் இருந்தன. அன்று அவுட்பாஸில் ஊருக்குப் போனவர்கள் யார் யார் என்று தோழிகளைக் கேட்டுத்தான் கணக்குப் போட்டோம். கடைசியில் ஒரு பெண் குறைந்தாள். கால் முறிந்து மாவுக்கட்டோடு மூன்றாம் மாடியில் இருந்தவள். கட்டிலிலேயே உட்கார்ந்திருந்தாள். அறைத்தோழிகள் அவளை மறக்கவில்லை. ஒவ்வொருத்தியும் மற்றவள் கூட்டிவருவாள் என்று நினைத்திருக்கிறாள். இன்னாரை இன்னார் அழைத்து வரவேண்டும் என்று பெயர் போட்டு எழுதாதவரை இது இப்படித்தான் நடக்கும்.

மறுநாள் நிர்வாகத்தோடு கூட்டம். பின்படிக்கட்டுக் கதவைச் சாவியில்லாமல் உள்ளிருந்து திறக்கும்படி மாற்றுங்கள் என்றேன். எனக்கு எப்போதும் வரும் பதில்தான் வந்தது: "பொண்ணுங்க ராத்திரி வெளிய போயிட்டா யார் சார் பதில் சொல்றது?"

இந்தப் பயத்தை நான் கேலி செய்வதில்லை. பெற்றோர் விடுதியைப் பார்க்க வரும்போது மதிலைத்தான் பார்க்கிறார்கள், கேமராவைத்தான் எண்ணுகிறார்கள். பல்கலைக்கழக மானியக் குழு 2015இல் வெளியிட்ட மாணவர் பாதுகாப்பு வழிகாட்டுதலும் எளிதில் ஏற முடியாத உயரத்துக்கு மதில், அதன்மேல் முள்கம்பிச் சுருள் என்றுதான் சொல்கிறது. பேரிடர்ப் பயிற்சியைப் பற்றியும் அதே ஆவணம் பேசுகிறது. மதில் மட்டும் எழும்பியது. நம்மிடம் பாதுகாப்பு என்ற சொல்லுக்கே பூட்டி வைப்பது என்று பொருள் வந்துவிட்டது. திருடன் வந்தால் பூட்டு காப்பாற்றும். தீ வந்தால் அதே பூட்டு கொல்லும். இரண்டுக்கும் ஒரே கதவு என்பதால், அந்தக் கதவைக் கொஞ்சம் யோசித்துத்தான் போடவேண்டும்.

தேசியக் கட்டட விதித்தொகுப்பு இதில் தெளிவாக இருக்கிறது: வெளியேறும் கதவு உள்ளிருந்து சாவியில்லாமல் திறக்க வேண்டும். தள்ளினால் திறக்கும் பட்டை வைத்த கதவுகள் சினிமா தியேட்டரிலும் மாலிலும் நீங்கள் பார்த்தவைதான். அதில் ஒரு சைரனைப் பொருத்திவிட்டால், கதவு திறந்த நொடியில் விடுதியே விழித்துக்கொள்ளும். திருட்டுத்தனமாக ஒருவரும் போக முடியாது. மின்சாரப் பூட்டு போடுகிறீர்கள் என்றால், கரண்ட் போனாலும் தீ அலாரம் அடித்தாலும் அது தானாக விட்டுவிடும்படி அமைக்கச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் சிலர் கரண்ட் போனதும் பூட்டிக்கொள்ளும்படி மாட்டிவிட்டுப் போவார்கள்.

கும்பகோணத்தில் 2004 ஜூலை 16 அன்று பள்ளித் தீயில் 94 பிள்ளைகள் போனார்கள். சமையல் கொட்டகையில் பிடித்த தீ கீற்றுக் கூரைக்குத் தாவியது. அதன் பிறகு தமிழ்நாடு முழுக்கப் பள்ளிகளில் கீற்றுக் கூரைகளைப் பிரித்தார்கள். நல்ல காரியம். ஆனால் கூரையில் கற்றுக்கொண்டதை நாம் படிக்கட்டில் கற்றுக்கொள்ளவில்லை. 2024 செப்டம்பரில் மதுரையில் ஒரு தனியார் மகளிர் விடுதியில் அதிகாலை ஃபிரிட்ஜ் வெடித்துத் தீப்பிடித்து இரண்டு பெண்கள் இறந்தார்கள். அங்கே கீற்று எதுவும் இல்லை.

வாசல் பற்றிப் பேசும்போது கலைவிழாக்களையும் சொல்லவேண்டும். 2023 நவம்பர் 25, கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் தொழில்நுட்ப விழா. திறந்தவெளி அரங்கில் இசை நிகழ்ச்சி தொடங்கும் நேரம். மழை தூற, வெளியே நின்றவர்கள் ஒதுங்க ஒரே வாசலில் நெருக்கினார்கள். வாசலைத் தாண்டியதும் செங்குத்தாகக் கீழிறங்கும் படிகள். முன்னால் இருந்தவர்கள் விழ, பின்னால் இருந்தவர்களுக்கு அது தெரியவில்லை. நான்கு உயிர்கள். தீயில்லை, குண்டில்லை, ஒரு தூற்றல். உங்கள் கல்லூரி விழாக்குழு பட்ஜெட்டில் லைட்டுக்கும் பாடகருக்கும் ஒவ்வொரு வரி எழுதியிருப்பார்கள். 'மழை வந்தால்' என்று ஒரு வரி இருக்கிறதா, பாருங்கள்.

ஆம்புலன்ஸுக்கும் இதே கதைதான். 108க்குப் போன் செய்யும் பெண் "ஹாஸ்டல்" என்கிறாள். வளாகத்தில் நான்கு ஹாஸ்டல், மூன்று கேட். பின் கேட் ஏழு மணிக்கு மேல் திறக்காது. ஆம்புலன்ஸை நிறுத்தி வண்டி எண்ணை நோட்டில் எழுதிக்கொண்ட வாட்ச்மேனை நான் கண்ணால் பார்த்தேன். அவருக்கு யாரும் சொல்லிக் கொடுத்தது அவ்வளவுதான். போன் செய்பவர் ஒருவர், கேட்டுக்கு ஓடுபவர் இன்னொருவர் என்று இரண்டு பேரை முன்பே பிரித்துவைத்தால் போதும். நிறுவனர் பெயர் பொறித்த ஆர்ச் வழியாகத் தீயணைப்பு வண்டி நுழையுமா என்றும் ஒருமுறை அளந்துவிடுங்கள். நுழையாத ஆர்ச்சின் முன் வண்டியோடு நின்ற அனுபவம் எனக்கு உண்டு.

வடகிழக்குப் பருவமழைக்குத் தனியாக ஒரு வார்த்தை. புயலும் செமஸ்டர் தேர்வும் ஒரே மாதத்தில்தான் வரும். 2016 டிசம்பர் 12 வர்தா புயலில் சென்னையில் மரங்களோடு செல்போன் சிக்னலும் போனது. வாட்ஸப் குழுவை நம்பி எழுதிய திட்டம் அன்று வெறும் காகிதம். கையில் பிடிக்கும் ஒலிபெருக்கியும் அச்சடித்த பெயர்ப் பட்டியலும் வேண்டும். புயல் எச்சரிக்கை வந்ததும் "ஹாஸ்டலைக் காலி செய்" என்று சுற்றறிக்கை விடுவதும் எனக்கு உடன்பாடில்லை. ஐந்நூறு பிள்ளைகளை மழையில் பஸ் ஸ்டாண்டுக்கு அனுப்புவதைவிட, மூன்று நாள் அரிசியும் தண்ணீரும் ஜெனரேட்டர் டீசலும் வைத்து மாடியிலேயே வைத்திருப்பது பல நேரம் மேல்.

அந்த மகளிர் விடுதிக்கு மூன்று மாதம் கழித்து மறுபடி போனேன். பட்டைக் கதவுக்கான கொட்டேஷன் நிர்வாகத்தின் மேசையில் இன்னும் கையெழுத்துக்குக் காத்திருந்தது. ஆனால் மணி மாறியிருந்தது. பெயர்ப் பட்டியலின் நகல் ஒன்று கேட்டுக்கு வந்திருந்தது. சாவிக்கொத்தில் மாணவிகளே நெயில் பாலிஷ் பூசியிருந்தார்கள்: பின்படிக்கட்டுக்குச் சிவப்பு, மொட்டை மாடிக்கு நீலம், மெஸ்ஸுக்கு வெள்ளை.

அன்று இரவு ஒத்திகை மணி அடித்தபோது அந்தப் பெரியவர் விடுப்பில் இருந்தார். மாற்று வாட்ச்மேன் வந்து கொத்தைக் கையில் வைத்துக்கொண்டு திகைத்து நின்றார். கிரில்லுக்கு அந்தப் பக்கம் படிகளில் நெருக்கியடித்து நின்ற பெண்கள் கத்தினார்கள்: "சிவப்பு, தாத்தா, சிவப்பு!"