வருமானம் இல்லாத அம்மாவுக்கும் ரக்ஸ் செய்யுங்கள்

காசு வாங்கி மற்றவர்களுக்கு ரக்ஸ் பத்திரம், அதாவது வருமான வரிக் கணக்கு, நிரப்பிக் கொடுப்பது என் வேலை. இந்தப் பங்குனியிலும் அதே கதைதான். ஸ்காபரோவில் இருந்து ஒருவர், வேலையிடத்தில் கொடுக்கும் வருடச் சம்பளக் கணக்கான ரி4 துண்டோடு வந்தார், கூடவே வயதான அம்மா. "அம்மாவுக்கும் செய்வோமா தம்பி?" என்று கேட்டேன். "அவவுக்கு என்ன வருமானம் இருக்கு? எதுக்கு ரக்ஸ்?" என்றார். அம்மா கனடாவுக்கு வந்ததிலிருந்து ஒருமுறைகூடச் செய்யவில்லை.

அந்த அம்மா எதையெல்லாம் இழந்தார் தெரியுமா? எரிபொருளில் இருந்து வெளியேறும் கரியமில வாயுவுக்காக மத்திய அரசு 2019இல் தொன்னுக்கு 20 டொலராகத் தொடங்கிய கார்பன் கட்டணம், 2024 ஏப்ரலில் 80 டொலர் ஆனது. பெற்றோலில் லீற்றருக்கு 17.6 சதம். வீட்டைச் சூடாக்கும் எரிவாயுவிலும் அது இருந்தது. கார் இல்லாதவர்களும் அதைக் கட்டினார்கள், பேஸ்மன்ற் வாடகைக்குள்ளும் லொறியில் வந்த மரக்கறி விலைக்குள்ளும். இந்தச் சுமை ஏழைகளை அழுத்தக்கூடாது என்றுதான் வசூலான காசில் பெரும்பகுதியைக் குடும்பங்களுக்கே திருப்பிக் கொடுத்தார்கள். வருமானம் பார்க்கவில்லை. பெரிய வீடும் இரண்டு காரும் வைத்திருப்பவருக்கும் பேஸ்மன்றில் இருப்பவருக்கும் ஒரே தொகை. குறைவாக எரிப்பவருக்குக் கையில் மிஞ்சும். ஒன்ராறியோவில் 2024 ஏப்ரலில் இருந்து தனியாள் ஒருவருக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை 140 டொலர், வருடத்துக்கு 560.

ஆனால் அது வந்த ஒரே வழி ரக்ஸ் பத்திரம்.

வருமானம் இல்லாவிட்டால் வரி கட்டத் தேவையில்லை, சரி. அதனால் பத்திரமே போடத் தேவையில்லை என்பது முழுப்பிழை. எத்தனை தடவை சொன்னாலும் இது மட்டும் ஏறுவதில்லை! வருமானம் பூச்சியமா? பூச்சியம் என்றே எழுதுங்கள். அந்தப் பூச்சியத்தைப் பார்த்துத்தான் உங்களுக்கு உதவி தேவை என்று கனடாவின் வரி அலுவலகமான வருவாய் முகமைக்குத் தெரியும். பத்திரம் போடாதவர் அவர்கள் கணக்கில் ஏழையும் இல்லை, பணக்காரரும் இல்லை. ஆளே இல்லை.

"ஸ்பொன்சர் பண்ணினவருக்குப் பிரச்சினை வரும்" என்று பயப்படுகிறார்கள். வராது. பெற்றோரைக் கனடாவுக்கு அழைப்பவர் அவர்கள் செலவுக்குப் பொறுப்பேற்றுக் கையெழுத்திடும் ஸ்பொன்சர் ஒப்பந்தம், வெல்பெயார் போன்ற சமூக உதவியைப் பற்றியது. விற்பனை வரிச் சுமைக்காகக் குறைந்த வருமானக்காரருக்குத் தரும் ஜி.எஸ்.டி. கிரெடிட்டோ கார்பன் காசோ அதில் சேராது. வெல்பெயார் எடுப்பவர்களுக்கும் அந்தக் காசைக் காட்டி வெட்டமாட்டார்கள்.

"கார்பன் காசுதான் நிப்பாட்டியாச்சே" என்பீர்கள். உண்மை. 2025 ஏப்ரல் 1 முதல் பெற்றோலுக்கும் எரிவாயுவுக்கும் அந்தக் கட்டணம் இல்லை. அந்த மாதம் 22ஆம் திகதி வந்ததுதான் கடைசித் தவணை. ஆனால் ஜி.எஸ்.டி. கிரெடிட், வாடகை, மின்சாரம் போன்ற செலவுக்கு மாகாணம் தரும் ஒன்ராறியோ ட்ரில்லியம், குறைந்த வருமானமுள்ள முதியோருக்கு ஓய்வூதியத்தோடு சேரும் ஜி.ஐ.எஸ்., பல் சிகிச்சைத் திட்டம் எல்லாம் இன்றும் அதே பத்திரத்தை நம்பித்தான் நிற்கின்றன. விட்ட வருடங்களுக்கும் போடுங்கள், சிலது பின்தேதியிட்டுக் கிடைக்கலாம்.

கணவன் மனைவி என்றால் இருவரும் போட வேண்டும். ஒருவர் மட்டும் போட்டால் கணக்கு நின்றுவிடும். வீடு மாறினால், கணவர் இறந்தால், பிரிந்தால் உடனே அறிவியுங்கள். வங்கிக்கு நேரடியாக வரும்படி செய்யுங்கள். கார்பன் காசு வந்திருக்கிறது, இந்த லிங்கை அழுத்துங்கள் என்று குறுஞ்செய்தி வந்தால் அழித்துவிடுங்கள். வருவாய் முகமை ஈ-ட்ரான்ஸ்பரில் காசு அனுப்புவதே இல்லை. குறைந்த வருமானம் உள்ளவர்களுக்குத் தொண்டர்கள் இலவசமாகச் செய்து தருகிறார்கள். அவர்களிடம் போகலாம், எங்களைப் போன்றவர்களுக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை.

கடைசியாக, பேஸ்மன்றை வாடகைக்கு விட்டிருக்கும் நம்மவர்களிடம் ஒரு வேண்டுகோள். ட்ரில்லியத்துக்கு வருட வாடகையையும் வீட்டுக்காரர் பெயரையும் எழுத வேண்டும். உங்கள் வாடகை வருமானத்தைக் காட்ட மனமில்லாமல் ரசீது மறுக்கிறீர்கள். நட்டம் கீழே இருப்பவருக்கு. தயவுசெய்து எழுதிக் கொடுங்கள்.