ரிசால்வர்: 'தீர்வி' வேண்டாம், 'துலக்கி'ன்னு சொல்லுங்க

"பெயர் தெளிவுத்திறன் தோல்வியடைந்தது." நேத்து ஒரு தமிழ் கையேட்டுல மறுபடியும் இந்த வரிய பாத்தேன், இதுக்கு மேல சும்மா இருக்க முடியல. அவங்க சொல்ல வந்தது நேம் ரெசல்யூஷன், அதாவது சைட் பேர குடுத்தா அதோட ஐபி முகவரிய, நெட்வொர்க்ல அதுக்கான நம்பர, கண்டுபிடிக்கிறது; அத பண்ற புரோகிராம்தான் ரிசால்வர். ஆனா தெளிவுத்திறன்ங்கிறது போட்டோவுக்கும் மானிட்டருக்கும் சொல்ற ரெசல்யூஷன். எங்க ஆபீஸ்ல புதுசா சேந்த தம்பி இதே வரிய படிச்சிட்டு அரைமணி நேரம் டிஸ்ப்ளே செட்டிங்ஸ நோண்டிட்டு இருந்தான், அவன் மேல தப்பே இல்ல.

லத்தீன்ல சொல்வெரேன்னா அவிழ்க்கிறது, அதுல இருந்து வந்த சொல்லுதான் ரிசால்வ். 1983ல பால் மொக்கபெட்ரிஸ் டிஎன்எஸ் (பேருக்கு முகவரி தேடித்தர்ற ஏற்பாடு) பத்தி எழுதுன ஆவணத்துலயே ரிசால்வர்ங்கிற பேர் இருக்கு.

இப்ப ரிசால்வருக்கு சிலர் சொல்ற 'தீர்வி'. நல்ல தமிழ்தான், ஆனா தீர்க்கிறதுன்னா பிரச்சனைய தீர்க்கிறது, கடன தீர்க்கிறது. ரிசால்வர் பண்றது அது இல்லயே. ஒரு சைட் பேர குடுத்தா அது ரூட் சர்வர்கிட்ட போய் விசாரிக்கும், அது டாட் காம்கிட்ட போன்னு அனுப்பும், அங்க போனா அந்த டொமைனோட சொந்த சர்வர கைகாட்டுவாங்க, கடைசில ஐபி முகவரியோட வந்து அத கொஞ்ச நேரம் ஞாபகமும் வச்சுக்கும். வீடு வீடா விசாரிச்சு துப்பு துலக்குற வேலை இது, அதனால 'பெயர் துலக்கி'. பாத்திரம் துலக்குறதுதான் ஞாபகம் வருதுன்னு ஒருத்தர் சொன்னார். வரட்டுமே, மங்கி கெடந்தத பளிச்சுனு காட்டுறதுதானே ரெண்டும்.

இன்னும் சிலர் எல்லாத்தையும் 'பெயர் வழங்கி'ன்னு முடிச்சிடுறாங்க, எனக்கு இதுலதான் ரொம்ப கோவம். விலாசத்த கையில வச்சிருக்கிறது வழங்கி, போய் விசாரிச்சிட்டு வர்றது துலக்கி, ரெண்டுக்கும் ஒரே பேர் வச்சா கோளாறு வர்றப்ப எங்கன்னு போய் தேடுறது?

நெட்வொர்க் செட்டிங்ஸ்ல ரெண்டு துலக்கியோட ஐபி போடுற எடத்த 'முதன்மை', 'மாற்று'ன்னு மெனுவுல மொழிபெயர்த்ததும் அப்படித்தான். மாற்றுன்னு பாத்த உடனே ஸ்பேர் டயர்னு நெனச்சு ஆபீஸ் துலக்கிக்கு கீழ 8.8.8.8ன்னு கூகுளோட பொது துலக்கிய போட்டுடுறாங்க. கம்ப்யூட்டர் ரெண்டுல எத வேணா கேக்கலாம், வெளிய போய் ஆபீஸுக்குள்ள மட்டும் தெரிஞ்ச பைல் சர்வர் பேர கேட்டா 'அப்படி ஒரு பேரே இல்ல'ன்னு வரும், அதையும் பதிலா எடுத்துக்கிட்டு அடுத்தத கேக்காது. காலைல கெடச்ச பிரிண்டர் மத்தியானம் காணாம போறது பாதி இதனாலதான். என்எஸ்லுக்அப் (nslookup) கட்டளைல பேருக்கு பின்னாடி துலக்கியோட ஐபியையும் சேத்து அடிச்சு ஒவ்வொண்ணா கேளுங்க, எது கைய விரிக்குதுன்னு தெரிஞ்சிடும். உள்பேர் இருக்கிற ஆபீஸ்ல ரெண்டு எடமும் ஆபீஸ் துலக்கிதான், 8.8.8.8 வேணும்னா அந்த துலக்கி போய் கேக்கட்டும். மெனுவுல 'துலக்கி 1', 'துலக்கி 2'ன்னு போடுங்க, 'மாற்று' வேண்டவே வேண்டாம்.