பர்ப்பிள் மார்ட்டின் கூட்டருகே ஊர்க்குருவியைப் பிடிக்கலாமா? அமெரிக்கச் சட்டம் அனுமதிப்பதும் தடுப்பதும்

அமெரிக்காவில் வீட்டுத் தோட்டத்தில் பர்ப்பிள் மார்ட்டின் என்னும் தகைவிலான் பறவைகளுக்குக் கூடு அமைத்திருப்பவர், அந்தக் கூட்டைப் பறித்துக்கொள்ள வரும் ஊர்க்குருவியைப் பொறி வைத்துப் பிடிக்க மத்திய அரசின் உரிமம் எதுவும் பெற வேண்டியதில்லை. நாம் சிட்டுக்குருவி என்றும் சொல்லும் இந்தப் பறவைக்கு அந்நாட்டின் வலசைப் பறவை ஒப்பந்தச் சட்டத்தில் பாதுகாப்பு இல்லை. ஆனால் அதே பொறியில் அந்த மண்ணுக்குரிய வேறொரு குருவி அகப்பட்டு, அதை அவர் கொன்றாலோ தம்மிடம் வைத்துக்கொண்டாலோ அது குற்றம். 15,000 டாலர் வரை அபராதமும் 6 மாதம் வரை சிறையும் விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. ஆகவே இந்த அனுமதியைப் பயன்படுத்த நினைப்பவர் பொறி வாங்குவதற்கு முன்பே பறவைகளைப் பிரித்தறியக் கற்றுக்கொள்ள வேண்டும். அது தெரியாதவர் பொறி வைக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

வலசைப் பறவை ஒப்பந்தச் சட்டம் 1918-இல் இயற்றப்பட்டது. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், கனடாவின் சார்பில் பிரிட்டனுடன் அமெரிக்கா செய்துகொண்ட ஒப்பந்தத்தை நிறைவேற்றுவதற்காக வந்த சட்டம் இது. பின்னர் மெக்சிகோ, ஜப்பான், சோவியத் ஒன்றியம் ஆகிய நாடுகளுடன் செய்த ஒப்பந்தங்களும் இதனுடன் சேர்ந்தன. இதன் பட்டியலில் இன்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட பறவையினங்கள் உள்ளன. அவற்றைக் கொல்வது மட்டுமல்ல, பிடிப்பது, பிடிக்க முயல்வது, விற்பது, உடலையோ இறகையோ முட்டையையோ வைத்திருப்பது ஆகிய அனைத்தும் உரிமமின்றிச் செய்யக் கூடாதவை. பர்ப்பிள் மார்ட்டின் இந்தப் பட்டியலில் இருக்கிறது, ஊர்க்குருவி இல்லை. மனிதர் வெளியிலிருந்து கொண்டுவந்து விட்ட பறவைகளுக்கு இச்சட்டம் பொருந்துமா என்ற ஐயம் வெண்ணிற மியூட் அன்னத்தைப் பற்றிய வழக்கில் எழுந்து, 2001-இல் நீதிமன்றம் அன்னத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. அதன் பிறகு நாடாளுமன்றம் 2004-இல் திருத்தம் கொண்டுவந்து, அந்த நாட்டுக்கு இயற்கையாக உரியவற்றை மட்டுமே சட்டம் காக்கும் என்று தெளிவாக்கியது.

ஊர்க்குருவி அமெரிக்காவுக்குத் தானாகப் பறந்து வந்ததன்று. இங்கிலாந்திலிருந்து கொண்டுவரப்பட்டு 1851, 1852 ஆண்டுகளில் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் விடப்பட்டது. பிற நகரங்களிலும் அடுத்தடுத்து விடப்பட்டு, சில பத்தாண்டுகளில் கண்டம் முழுவதும் பரவியது. தமிழ்நாட்டில் குருவிகள் குறைந்துவிட்டன என்று வருந்தி வீட்டு முகப்பில் அட்டைப்பெட்டியும் மரப்பெட்டியும் கட்டித் தொங்கவிடுகிற நமக்கு, அதே குருவியைப் பிடிக்க அனுமதிக்கும் சட்டம் முதலில் மனத்தை உறுத்தும். அந்த உறுத்தல் நியாயமானதுதான். ஆனால் நம் ஊரில் அது மண்ணின் பறவை. அங்கே, தனக்கு முன்பிருந்தே பொந்துகளை நம்பி வாழும் பறவைகளின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும் பறவை.

மார்ட்டினின் நிலையோ இன்னும் இக்கட்டானது. வட அமெரிக்காவின் தகைவிலான்களில் மிகப் பெரியது இது. முதிர்ந்த ஆண் கருநீலமாக மின்னும். பெண்ணுக்கு அடிப்பகுதி சாம்பல் நிறம். குளிர்காலத்தைத் தென் அமெரிக்காவில் கழித்துவிட்டு வசந்தத்தில் திரும்பும் இப்பறவைகள், ராக்கி மலைகளுக்குக் கிழக்கே ஏறக்குறைய முழுவதுமாக மனிதர் அமைத்துத் தரும் கூடுகளிலேயே முட்டையிடுகின்றன. சாக்டா, சிக்கசா பழங்குடியினர் இவற்றுக்காகச் சுரைக்குடுக்கைகளைத் தொங்கவிட்டதைப் பறவையியலாளர் அலெக்சாண்டர் வில்சன் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பதிவு செய்திருக்கிறார். இன்றும் உயர்ந்த கம்பத்தின் மேல் பல அறைகள் கொண்ட பெட்டியையோ பிளாஸ்டிக் குடுக்கைகளையோ அமைத்து, ஆண்டுதோறும் அவற்றின் வரவுக்காகக் காத்திருப்பவர்கள் பலர். ஊர்க்குருவி இடம்பெயராமல் ஆண்டு முழுவதும் அங்கேயே இருப்பதால், மார்ட்டின் திரும்பி வருவதற்குள் அறைகளில் புல்லும் இறகும் காகிதத் துண்டும் திணித்து நிரப்பிவிடுகிறது. மார்ட்டின் முட்டையிட்ட பின்பும் ஆண் குருவி உள்ளே புகுந்து முட்டைகளைக் கொத்தி உடைக்கும். குஞ்சுகளைக் கொத்திக் கொல்லும். கூட்டுக்குப் போட்டியிடும் இன்னொரு பறவையான ஸ்டார்லிங்கைத் தடுக்க ஏறத்தாழ 30 மில்லிமீட்டர் உயரத்தில் பிறை வடிவ வாசல் வைக்கிறார்கள். அதைவிடச் சிறிய ஊர்க்குருவிக்கு அந்த வாசல் எந்தத் தடையும் அன்று.

மத்திய சட்டம் விலக்கியிருப்பதால் மட்டும் எல்லாம் முடிந்துவிடுவதில்லை. மாநிலச் சட்டத்தையும் பார்க்க வேண்டும். டெக்சாஸில் ஊர்க்குருவியை எப்போது வேண்டுமானாலும் கொல்லலாம், அதன் கூட்டையும் முட்டையையும் அழிக்கலாம் என்று வனவிலங்குச் சட்டத்தொகுப்பே சொல்கிறது. கலிபோர்னியாவிலும் ஆண்டு முழுவதும் பிடிக்க அனுமதி உண்டு. ஆனால் இரவில் விலங்கு பிடிப்பதற்கான பொதுத்தடை அங்கே இதற்கும் பொருந்தும். இவ்விரு சட்டங்களிலும் இப்பறவை 'இங்கிலீஷ் ஸ்பேரோ' என்ற பெயரில் இருப்பதால், 'ஹவுஸ் ஸ்பேரோ' என்று தேடுபவருக்கு அகப்படாமல் போகலாம். பிற மாநிலங்களில் பொறியின் வகை, பிடித்த உயிரை வேறிடத்தில் விடுவது போன்றவற்றுக்குத் தனி விதிகள் இருக்கக்கூடும். தொடங்குவதற்கு முன் மாநில வனவிலங்குத் துறையை ஒருமுறை கேட்டுவிடுவது நல்லது. காற்றுத் துப்பாக்கியை ஊர் எல்லைக்குள் பயன்படுத்தப் பல நகரங்கள் தடை விதித்துள்ளன. நஞ்சு வைப்பது பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் கீழ் வரும் வேறு விவகாரம். எந்த உயிர் தின்னும் என்று கட்டுப்படுத்த முடியாத அந்த வழியைக் குடியிருப்புத் தோட்டத்தில் யாரும் நாடக் கூடாது.

இனி அடையாளம். ஆண் ஊர்க்குருவியைத் தவறவிடுவது கடினம்: உச்சந்தலை சாம்பல் நிறம், அதன் இருபுறமும் கண்ணிலிருந்து பிடரி வரை செம்பழுப்பு, கன்னம் வெளிறிய வெண்மை, தொண்டையில் கறுப்புத் திட்டு. சிக்கல் பெண்குருவியிடம்தான். அதற்குத் தொண்டையில் கறுப்பு இல்லை. கண்ணுக்குப் பின்னால் வெளிர்மஞ்சள் கலந்த ஒரு கோடு, முதுகில் பழுப்பும் கறுப்புமான வரிகள், மார்பில் வரிகளே இல்லாத மங்கிய சாம்பல். மார்பில் வரிகள் தெரிந்தால் கையில் இருப்பது ஊர்க்குருவி அன்று; சாங் ஸ்பேரோவாகவோ பெண் ஹவுஸ் ஃபிஞ்சாகவோ இருக்கலாம். இரண்டும் சட்டப் பாதுகாப்பு உள்ளவை. மார்பு வெறுமையாக இருப்பதாலேயே ஊர்க்குருவி என்று முடிவு செய்துவிடவும் முடியாது. முதிர்ந்த சிப்பிங் ஸ்பேரோவுக்கும் மார்பில் வரி கிடையாது, ஆனால் அது இன்னும் மெலிந்த உடலும் கண்ணை ஊடறுக்கும் கறுப்புக் கோடும் கொண்டது. தொண்டையில் கறுப்பிருந்தும் மார்பு மஞ்சளாக இருப்பது டிக்சிசல், அதுவும் பாதுகாக்கப்பட்டது. ஐயம் எழுந்தால் பறவையை விட்டுவிட வேண்டும். ஊர்க்குருவிதான் என்றால் அது மறுநாளும் வரும்.

பொறிக்கு முன்பு செய்ய வேண்டியவை சில உண்டு. மார்ட்டின் திரும்பும் வரை வாசல்களை அடைத்து வைக்கலாம். குருவிக்குப் பிடித்த சிறுதானியத்தையும் உடைத்த மக்காச்சோளத்தையும் தீவனத் தட்டில் போடாமல் இருக்கலாம். கம்பம் கயிற்றுருளையோடு இருந்தால் பெட்டியை இறக்கிக் குருவி சேர்த்த புல்லை அடிக்கடி அகற்றலாம். ஆனால் கூட்டைக் கலைப்பது மட்டும் போதாது. சில வேளைகளில் அது தீமையாகவும் முடியும். ஆண் குருவிக்குத் தன் துணையைவிடத் தான் தேர்ந்த பொந்தின் மீதே பற்று அதிகம். கூட்டை இழந்த ஆண், அருகிலுள்ள மார்ட்டின் அறைகளில் புகுந்து முட்டைகளை உடைப்பதைக் கூடு வைத்திருப்போர் கண்டிருக்கிறார்கள். பொறி தேவைப்படுவது இந்தக் கட்டத்தில்தான்.

பொதுவாகப் பயன்படும் பொறிகள் இரண்டு வகை. முதலாவது, குருவி உரிமை கொண்டாடும் அறைக்குள்ளேயே பொருத்தும் சிறு பொறி: உள்ளே நுழையும் பறவை கம்பியை மிதித்ததும் வில் விடுபட்டு, தகடு ஒன்று வாசலை மூடிக்கொள்ளும். இது அந்தக் குறிப்பிட்ட ஆணைப் பிடிக்க மிகவும் பயனுள்ளது. ஆனால் அதே அறைக்குள் மார்ட்டினும் நுழையலாம். ஆகவே இதை வைத்தவர் வாசல் தெரியும் இடத்திலேயே இருக்க வேண்டும். வெளியே கிளம்புவதானால் பொறியைக் கழற்றிவிட வேண்டும். வைத்துவிட்டு அலுவலகம் போவது மார்ட்டினைக் கொல்வதற்குச் சமம். இரண்டாவது, தரையில் வைக்கும் கம்பிக் கூண்டு: தானியத்தைத் தின்ன உள்ளே போகும் பறவை திரும்பி வெளியேற வழியிராது, ஒன்றன்பின் ஒன்றாகப் பல குருவிகள் சேரும். பறக்கும் பூச்சிகளையே உண்ணும் மார்ட்டின் இதில் சிக்காது. ஆனால் மோர்னிங் புறா, ஜன்கோ, வெண்தொண்டைக் குருவி, கௌபேர்ட் ஆகியவை தானியத்துக்கு வரும். இவை எல்லாம் பாதுகாக்கப்பட்டவை. கூண்டில் நிழலும் தண்ணீரும் இருக்க வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது போய்ப் பார்த்து, ஊர்க்குருவி அல்லாதவற்றை அங்கேயே உடனே திறந்துவிட வேண்டும். இருட்டுவதற்கு முன் பொறியை மூடிவிட வேண்டும்.

பிடித்த குருவியை என்ன செய்வது என்பது பலரும் கேட்கத் தயங்கும் கேள்வி. தொலைவில் கொண்டுபோய் விடுவது இரக்கமாகத் தோன்றினாலும், அங்கே அது இன்னொருவர் புளூபேர்ட் பறவைக்காக வைத்த பெட்டியைப் பிடித்துக்கொள்ளும். அப்படி விடுவதை அனுமதிக்காத மாநிலங்களும் உண்டு. கொல்வதென்று முடிவு செய்தால் வேதனை மிகக் குறைந்த முறையில், உடனடியாகச் செய்ய வேண்டும். மார்பை அழுத்தி மூச்சடைக்கச் செய்யும் பழைய முறையை, உணர்வுள்ள பறவைக்கு ஏற்கத்தகாதது என்று அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கத்தின் 2013 வழிகாட்டுதல் விலக்கிவிட்டது. தண்ணீரில் மூழ்கடிப்பது, வெயிலில் கிடந்து சாக விடுவது ஆகியவை கொடுமை. பாதுகாப்பற்ற பறவை என்பதால் அதைத் துன்புறுத்த உரிமை வந்துவிடாது. கழுத்தெலும்பைச் சட்டென்று பிரிக்கும் முறையை அனுபவமுள்ளவரிடம் நேரில் கற்றுக்கொள்ள வேண்டும். அது தம்மால் முடியாது என்று உணர்பவர் வாசல் அடைப்பதோடும் தீவனத்தை மாற்றுவதோடும் நின்றுகொள்வதில் எந்தக் குறையும் இல்லை. காயம்பட்ட பருந்து, ஆந்தைகளைப் பேணும் மறுவாழ்வு நிலையங்களில் சில, இறந்த குருவிகளை இரையாக ஏற்றுக்கொள்கின்றன. முன்கூட்டிக் கேட்டுவிட்டுக் கொடுக்கலாம்.

முட்டைகளைப் பொறுத்தவரையும் இதே எச்சரிக்கை வேண்டும். ஊர்க்குருவி முட்டை வெண்மையோ பசுஞ்சாயலோ கொண்டு பழுப்பும் சாம்பலுமான புள்ளிகள் நிறைந்திருக்கும். மார்ட்டின் முட்டை தூய வெண்மை. மார்ட்டினின் கூட்டில் சுள்ளியும் களிமண்ணும், மேலே பசிய இலைகளும் இருக்கும். மார்ட்டின் பெட்டியில் டிரீ ஸ்வாலோ, புளூபேர்ட், ஹவுஸ் ரென் ஆகியவையும் குடியேறுவதுண்டு. மார்ட்டினுக்காக வைத்த பெட்டி என்ற காரணத்தைச் சொல்லி அவற்றின் முட்டையுள்ள கூட்டை அகற்றச் சட்டம் இடம் தராது. அவற்றின் குஞ்சுகள் பறந்து போகும் வரை பொறுத்திருக்க வேண்டும். மார்ட்டின் கூடுகளை வாரம் ஒருமுறை இறக்கிப் பார்ப்பதில் தவறில்லை. பருவம் முடிந்து பறவைகள் தெற்கே சென்ற பின், முட்டையும் குஞ்சும் இல்லாத கூடுகளை அள்ளி எறிந்து பெட்டியைக் கழுவி வைக்கலாம். ஆனால் அடியில் உதிர்ந்து கிடக்கும் கருநீல இறகு எவ்வளவு அழகாக இருந்தாலும், அதை எடுத்து வீட்டில் வைத்துக்கொள்வது அதே 1918 சட்டத்தின்படி தடைசெய்யப்பட்டது.