இளநிலைப் பட்டத்தின் ஐந்து பகுதிகள்: முதன்மைப் பாடத்துக்கு வெளியே முடிக்க வேண்டியவை

தமிழ்நாட்டின் கலை அறிவியல் கல்லூரிகளில் இயற்பியல், வரலாறு, வணிகவியல் என எந்தத் துறையில் சேர்ந்தாலும், அந்தத் துறைப் பாடங்களில் மட்டும் தேர்ச்சி பெற்றுப் பட்டம் வாங்கிவிட முடியாது. பட்டப்படிப்பு ஐந்து பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஐந்திலும் தேர்ச்சி பெற்றவருக்கே பட்டம் வழங்கப்படும். மதிப்பெண் பட்டியலில் ஒவ்வொரு தாளுக்கும் எதிரே அது எந்தப் பகுதியைச் சேர்ந்தது என்று குறிக்கப்பட்டிருந்தும், அதன் பொருளைப் பல மாணவர்கள் இறுதியாண்டில்தான் விசாரிக்கிறார்கள்.

தமிழ்நாடு மாநில உயர்கல்வி மன்றம் 2023–24ஆம் கல்வியாண்டை ஒட்டி வெளியிட்ட மாதிரிப் பாடத்திட்டத்தின்படி மூன்றாண்டுப் பட்டத்துக்கு மொத்தம் 140 கிரெடிட் (ஒரு தாளின் பாட அளவைக் குறிக்கும் அலகு). முதல் பகுதியான தமிழ் அல்லது பிறமொழிக்கு 12, இரண்டாம் பகுதியான ஆங்கிலத்துக்கு 12, முதன்மைப் பாடமும் அதைச் சார்ந்த விருப்பப் பாடங்களும் அடங்கிய மூன்றாம் பகுதிக்கு 92, நான்காம் பகுதிக்கு 23, ஐந்தாம் பகுதிக்கு 1 என்று அது பகிர்ந்து தரப்பட்டுள்ளது. அதாவது, மூன்றில் ஒரு பங்குக்கும் சற்று அதிகமான கிரெடிட், மாணவர் தேர்ந்தெடுத்த துறைக்கு வெளியே இருக்கிறது.

முதல் இரண்டு பகுதிகளில் குழப்பம் குறைவு. நான்கு செமஸ்டர்களுக்கு மொழித்தாள்கள் நடைபெறும். தமிழுக்குப் பதிலாக இந்தி, பிரெஞ்சு, சமஸ்கிருதம், உருது என்று கல்லூரி நடத்தும் வேறொரு மொழியையும் எடுக்கலாம். மதிப்பெண் எளிதாகக் கிடைக்கும் என்று கேள்விப்பட்டு வேறு மொழிக்கு மாறுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பிற துறையில் பட்டம் பெற்றவர் முதுகலைத் தமிழில் சேரப் பல பல்கலைக்கழகங்கள் கேட்கும் தகுதி, முதல் பகுதியில் தமிழ் படித்திருப்பதுதான்.

நான்காம் பகுதிதான் விதிகள் நிறைந்தது. அதில் முதலில் வருவது, மாணவர் தமிழை எதுவரை படித்தார் என்பதைப் பொறுத்து மூன்றாகப் பிரியும் ஏற்பாடு. பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழே படிக்காமல், கல்லூரியிலும் முதல் பகுதியில் வேறு மொழி எடுத்தவர், அடிப்படைத் தமிழ் என்ற இரண்டு தாள்களைப் படிக்க வேண்டும். அதன் தரம் ஆறாம் வகுப்பு அளவில் வைக்கப்பட்டுள்ளது. பள்ளியில் தமிழ் படித்துவிட்டுக் கல்லூரியில் வேறு மொழிக்குப் போனவருக்குச் சிறப்புத் தமிழ் இரண்டு தாள்கள். முதல் பகுதியிலேயே தமிழ் எடுத்தவர் இவ்விரண்டிலும் வரமாட்டார். அவர் வேறொரு துறை நடத்தும் இரண்டு தாள்களைத் தேர்ந்தெடுப்பார். இதைத்தான் மாணவர்கள் ‘என்.எம்.இ.’ (Non-Major Elective, அதாவது முதன்மைப் பாடம் அல்லாத விருப்பப்பாடம்) என்கிறார்கள். விருப்பப்பாடம் என்று பெயர் இருந்தாலும், கால அட்டவணையும் வகுப்பறை இடமும் இடம் கொடுத்த அளவுக்கே விருப்பம் நிறைவேறுகிறது என்பது பல கல்லூரிகளின் நடைமுறை. வேதியியல் மாணவருக்கு இதழியலோ பொருளியலோ அறிமுகமாகும் வாய்ப்பு இது என்பதால், பட்டியல் ஒட்டப்பட்ட உடனே பெயர் கொடுப்பது நல்லது.

திறன் மேம்பாட்டுத் தாள்கள், சுற்றுச்சூழல் கல்வி, விழுமியக் கல்வி, விடுமுறைக் காலப் பணிப் பயிற்சி ஆகியவையும் இதே பகுதியில் வருகின்றன. இவற்றுள் சுற்றுச்சூழல் கல்வி பல்கலைக்கழகம் தன் விருப்பத்தால் சேர்த்த பாடம் அன்று. வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடர்ந்த பொதுநல வழக்கில் உச்ச நீதிமன்றம் 1991இல் பிறப்பித்து, 2003இல் மீண்டும் வலியுறுத்திய ஆணையின் விளைவாக, அது நாடெங்கும் கட்டாயப் பாடமானது.

ஐந்தாம் பகுதி விரிவாக்கப் பணி. நாட்டு நலப்பணித் திட்டம், தேசிய மாணவர் படை, இளைஞர் செஞ்சிலுவைச் சங்கம், விளையாட்டு போன்றவற்றுள் ஒன்றில் பங்கேற்றால் அந்த ஒரு கிரெடிட் கிடைக்கும். நாட்டு நலப்பணித் திட்டத்தில் சேர்பவர் ஆண்டுக்கு 120 மணி நேரம் வீதம் இரண்டு ஆண்டுகள் பணி செய்வதும், ஏழு நாள் சிறப்பு முகாமில் கலந்துகொள்வதும் முழுச் சான்றிதழுக்கு உரிய நிபந்தனைகள்.

மாணவர்கள் அதிகம் தவறாகப் புரிந்துகொள்வது மதிப்பீட்டு விதியை. மாதிரிப் பாடத்திட்டத்தின்படி முதல் மூன்று பகுதிகள் மட்டுமே தரப்புள்ளிச் சராசரிக்கும், முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு என்ற வகைப்பாட்டுக்கும் கணக்கில் எடுக்கப்படுகின்றன. நான்காம், ஐந்தாம் பகுதிகளில் எவ்வளவு உயர்ந்த மதிப்பெண் வாங்கினாலும் வகுப்பு உயராது. ஆனால் அவற்றில் ஒரு தாள் அரியர் இருந்தாலும் பட்டம் கிடைக்காது. முதன்மைப் பாடம் அனைத்திலும் சிறப்பாகத் தேறிய ஒருவர், முதலாண்டில் விட்டுப்போன இரண்டு கிரெடிட் தாளுக்காக முதுகலைச் சேர்க்கையை இழக்க நேர்வது இதனால்தான்.

பல்கலைக்கழக மானியக் குழு 2022 டிசம்பரில் வெளியிட்ட கட்டமைப்பு இதிலிருந்து வேறுபட்டது. அதில் மூன்றாண்டுப் பட்டத்துக்கு 120 கிரெடிட், நான்காண்டுக்கு 160. பல்துறைப் பாடங்களுக்கு ஒதுக்கப்பட்டவை 9 கிரெடிட். வெளிமாநிலத்தில் சேரத் திட்டமிடுபவர் இந்த இரண்டையும் ஒன்றாகக் கருதக் கூடாது.

மாநிலத்துக்குள்ளேயே தன்னாட்சிக் கல்லூரிகள் தாள்களின் பெயரையும் அவை வரும் செமஸ்டரையும் மாற்றி அமைத்துக்கொள்கின்றன. எனவே மாணவர் பார்க்க வேண்டியது, தாம் சேர்ந்த ஆண்டுக்கு உரிய விதிமுறைகளை. மூத்த மாணவருக்குப் பொருந்திய விதி அடுத்த ஆண்டு சேர்ந்தவருக்குப் பொருந்தாமல் போகலாம். இடையில் கல்லூரி மாறுபவர், எந்தெந்தத் தாள்கள் ஏற்கப்பட்டன, எவற்றைப் புதிதாக எழுத வேண்டும் என்பதைச் சேரும்போதே எழுத்துமூலம் பெற்றுக்கொள்ள வேண்டும்.