ஹால்: கூடமா, மாளிகையா?

வாடகைக்கு வீடு என்று விளம்பரம் போட்டால் ‘இரண்டு பெட்ரூம், ஹால், கிச்சன்’ என்றுதான் எழுதுகிறோம். அந்த ஹாலில் டிவி இருக்கும், சோபா இருக்கும், வந்தவர்கள் உட்காருவார்கள். இங்கிலாந்தில் இன்று ஒருவரிடம் ‘உங்கள் வீட்டு ஹால் எங்கே?’ என்று கேட்டால், வாசல் கதவைத் திறந்ததும் வரும் நடையைத்தான் காட்டுவார். கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு உள்ளே போகிற இடம், அவ்வளவுதான். அதே நாட்டில் ஹாடன் ஹால், ஹார்ட்விக் ஹால் என்று பெரிய பெரிய மாளிகைகளும் இருக்கின்றன. நடையும் ஹால், மாளிகையும் ஹால். எப்படி?

பழைய ஆங்கிலத்திலேயே உள்ள சொல் இது. ‘மூடு, மறை’ என்ற பொருளுடைய மிகப் பழைய வேர் ஒன்றிலிருந்து கிளைத்தது என்கிறார்கள் மொழியறிஞர்கள். தலையை மூடும் ஹெல்மெட்டும் அந்த வேரில் பிறந்ததுதான். சிற்றறையைக் குறித்த லத்தீன் ‘செல்லா’வும் அப்படியே, அதன் வழியாக வந்ததுதான் நம் கையில் இருக்கும் செல்போனின் ‘செல்’. ஆக, மேலே கூரை மூடிய இடம் எதுவோ அது ஹால்.

அந்தக் காலத்தில் ஒரு தலைவனின் வீட்டில் கூரை மூடிய முக்கியமான இடம் ஒன்றுதான். சமையலுக்கும் மற்றதற்கும் சுற்றிலும் சின்னச் சின்னக் கொட்டகைகள் இருக்கும். நடுவில் பெரிதாக ஒரே அறை. தலைவன், அவன் ஆட்கள், வேலைக்காரர், விருந்தாளி எல்லாரும் அங்கேதான் சாப்பிட்டார்கள், பலர் அங்கேயே படுத்தும் தூங்கினார்கள். அந்த அறைதான் வீடு. அதனால்தான் அறையின் பெயர் முழு வீட்டுக்கும் ஒட்டிக்கொண்டது. சுற்றிலும் அறைகள் பெருகிய பிறகும் பெயர் மாறவில்லை.

அந்த அறை எப்படி இருந்தது என்று பார்க்க வேண்டுமானால் இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் உள்ள பென்ஸ்ஹர்ஸ்ட் பிளேஸ் என்ற மாளிகைக்குப் போக வேண்டும். லண்டன் வணிகரும் அந்நகர மேயராக நான்கு முறை இருந்தவருமான ஜான் டி புல்டனி 1341-ஐ ஒட்டிக் கட்டியது. தலைக்கு மேலே ஏறத்தாழ 60 அடி உயரத்தில் செஸ்ட்நட் மரக் கூரை. தாங்குவதற்கு நடுவில் ஒரு தூண்கூடக் கிடையாது. தரையின் நடுவே எண்கோண அடுப்பு இன்றும் இருக்கிறது. சுவரில் புகைபோக்கி கிடையாது. எரியும் கட்டையின் புகை அப்படியே மேலே ஏறிக் கூரைத் திறப்பு வழியாக வெளியே போகும். அறையின் ஒரு கோடியில் மேடை, பிரபுவின் மேசை. மறுகோடியில் மரத் தடுப்பு. தடுப்புக்குப் பின்னால் ‘பட்டரி’, ‘பேன்ட்ரி’ என இரண்டு அறைகள். பட்டரிக்கும் வெண்ணெய்க்கும் சம்பந்தம் இல்லை. அது மதுப் பீப்பாய் வைக்கும் அறை. பேன்ட்ரி ரொட்டிக்கு.

டெர்பிஷயரில் உள்ள ஹாடன் ஹாலின் மரத் தடுப்பில் இரும்பு வளையம் ஒன்று மாட்டியிருக்கிறது. தன் பங்கு மதுவைக் குடிக்க மறுப்பவனின் மணிக்கட்டை அதில் பூட்டி, தூக்கிய கையின் சட்டைக்குள் மதுவை ஊற்றுவார்களாம். எல்லாரும் ஒரே கூரையின் கீழ் சேர்ந்து உட்கார்ந்த காலத்தின் விளையாட்டு அது.

அப்புறம் பிரபுக்கள் மெல்ல மெல்ல அங்கிருந்து விலகினார்கள். குடும்பத்தோடு தனியாகச் சாப்பிட மாடியில் வேறு அறை கட்டிக்கொண்டார்கள். பெஸ் என்று அழைக்கப்பட்ட செல்வச் சீமாட்டி டெர்பிஷயரிலேயே 1590-களில் கட்டிய ஹார்ட்விக் ஹாலில் இது நன்றாகத் தெரியும். வடிவமைத்தவர் ராபர்ட் ஸ்மித்சன் என்பது பொதுக் கருத்து. அதுவரை வீட்டு முகப்புக்கு இணையாகக் கிடந்த ஹாலை இங்கே திருப்பி, முன்வாசலிலிருந்து பின்புறம் வரை நேராக ஓடவிட்டிருக்கிறார்கள். வாசலில் நுழைந்தால் நேரே ஹால். பெஸ் விருந்தினரை வரவேற்றதோ இரண்டு மாடிக்கு மேலே உள்ள பெரிய அறையில். கீழே உள்ளது கடந்து போகும் இடமாக மாறத் தொடங்கிவிட்டது. என்னைப் பொறுத்தவரை இந்தச் சொல்லின் கதையில் முக்கியமான திருப்பம் இந்த 90 பாகைத் திருப்பம்தான்.

17-ம் நூற்றாண்டின் நடுவில் ராஜர் பிராட் கட்டிய கோல்ஸ்ஹில் மாளிகையில் வேலைக்காரர்கள் சாப்பிடத் தரைக்குக் கீழே தனி இடம் வந்துவிட்டது. மேலே இருந்த ஹாலில் மிச்சம் இருந்தது வாசலும் அழகான இரட்டைப் படிக்கட்டும். அந்த மாளிகை 1952-ல் தீக்கிரையானது. ஆனால் அந்த அமைப்பு சிறிய வீடுகள் வரை இறங்கி, இன்றைய கோட்டு மாட்டும் நடையாகிவிட்டது.

சரி, தமிழில் என்ன சொல்வது? மண்டபம் என்று பலர் எழுதுகிறார்கள். எனக்கு அது பொருத்தமாகத் தெரியவில்லை. மண்டபம் என்றதும் தூண்கள் கண்ணில் நிற்கும், கோயிலோ கல்யாணமோ நினைவுக்கு வரும்; குடும்பம் வாழும் வீடு வராது. கூடம் என்பதே சரியான சொல். கூடுதல் என்ற வினையோடு ஒலியிலும் பொருளிலும் ஒட்டி நிற்கிறது. முற்றத்தை ஒட்டிய கூடத்தில் சாப்பிட்டு, அங்கேயே பாய் விரித்துத் தூங்கிய வீடுகள் நமக்கும் இருந்தன. பென்ஸ்ஹர்ஸ்டில் உள்ளதைப் பெருங்கூடம் எனலாம். வாசலை ஒட்டிய நடைக்கு நம்மிடம் ரேழி இருக்கிறது. நடை என்றாலே போதும்.

பெயரின் ஒட்டாக வரும்போது மட்டும் மாளிகை என்று மாற்ற வேண்டும். ஹார்ட்விக் மண்டபம் என்று எழுதினால் படிப்பவர் ஓர் அறையைத்தான் நினைப்பார். ஹார்ட்விக் மாளிகை, அதன் கூடம் என்று எழுதினால் குழப்பமில்லை.