பிள்ளை வளரவில்லையா? யூரின் ரிப்போர்ட்டில் அந்த ஒரு வரியைப் பாருங்கள்

பேரணாம்பட்டுப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு பாட்டி பேத்தியை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தார். பிள்ளைக்கு நாலு வயது, பார்த்தால் இரண்டுதான் சொல்லத் தோன்றும். "சவலைப் புள்ளைன்னாங்க டாக்டரம்மா, மந்திரிச்சும் பாத்தோம், டானிக்கும் குடுத்தோம், ஒண்ணும் ஒடம்புல ஒட்டல" என்றார். முட்டிக்குக் கீழே கால் வளைந்திருந்தது. ராத்திரி நாலைந்து தடவை எழுந்து தண்ணீர் கேட்கிறாள், பாயை நனைக்கிறாள், பேதி கிடையாது, ஆனால் வாந்தியெடுத்துச் சுருண்டுபோய் அதுவரை மூன்று முறை வெவ்வேறு இடங்களில் டிரிப் ஏற்றி அனுப்பியிருக்கிறார்கள். நான் பின்னாலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டேன், திரும்பவில்லை. கூச்சம் என்று வீட்டில் நினைத்திருந்தார்கள்.

அன்று எடுத்த இரத்தத்தில் அமிலத்தை முறிக்கும் காரமான பைகார்பனேட் 13 (22க்கு மேல் இருக்க வேண்டும்), பொட்டாசியம் 2.3 (3.5க்குக் குறையக் கூடாது). அதாவது உடம்பு முழுக்க அமிலம் ஏறியிருக்கிறது. அப்படியிருந்தால் சிறுநீர் நல்ல புளிப்பாக வர வேண்டும், ஏனென்றால் அமிலத்தை வெளியே தள்ளுவது சிறுநீரகத்தின் வேலை. ஆனால் யூரின் ரிப்போர்ட்டில் பி.எச். 7, அதாவது புளிப்பே இல்லை (பி.எச். எண் குறையக் குறையத்தான் புளிப்பு கூடும்). நிறம், தெளிவு என்று எழுதியிருக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும் வரி அது. சர்க்கரை இருக்கிறதா, புரதம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு எல்லாரும் தாண்டிப் போய்விடுகிற வரி. பிள்ளையின் பழைய ரிப்போர்ட்டுகளைப் பாட்டி மஞ்சள் பையில் பத்திரமாக வைத்திருந்தார், அவற்றிலும் 7, 7.5 என்றுதான் இருந்தது. சிறுநீரகத்தால் அமிலத்தை வெளியே தள்ள முடியாத இந்த நோய்க்கு டிஸ்டல் ஆர்.டி.ஏ. (டிஸ்டல் ரீனல் டியூபுலர் அசிடோசிஸ்) என்று பெயர்.

சரி, சிறுநீரகம் அமிலத்தை எப்படித் தள்ளுகிறது? எனக்கு இதைச் சொல்லச் சொல்ல ஆசை தீராது. சிறுநீரகக் குழாயின் கடைசிப் பகுதியில் சில செல்களின் மேல்சவ்வில் வி-ஏடிபேஸ் என்ற பம்பு வரிசையாகப் பதிந்திருக்கிறது. பம்பு என்று சும்மா உவமைக்குச் சொல்லவில்லை, அது உண்மையாகவே சுற்றுகிறது. செல்லுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் தலைப்பகுதியில் மூன்று இடங்களில் ஏ.டி.பி. என்ற, செல்லுக்கு எரிபொருளான மூலக்கூறு ஒன்றன்பின் ஒன்றாக உடையும், அந்த விசையில் நடுவிலுள்ள தண்டு திரும்பும், தண்டோடு சேர்ந்து சவ்வுக்குள் இருக்கும் வளையமும் திரும்பும். குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவில் ராட்டினம் ஏறியிருப்பீர்கள், ஒரு வழியில் ஏறி, கிட்டத்தட்ட முழுச் சுற்றுப் போய், பக்கத்து வழியில் இறங்குவோம் இல்லையா, அமிலத்தின் துகளான புரோட்டானும் அப்படித்தான். செல்லின் உள்பக்கத்து வாசலில் வளையத்தின் ஒரு பெட்டியில் ஏறும், சவ்வுக்குள்ளேயே சுற்றி வந்து, மறுபக்கத்து வாசலில் சிறுநீருக்குள் இறங்கும். நம் வளையத்தில் பத்துப் பெட்டி. ஒரு சுற்றுக்கு மூன்று ஏ.டி.பி. செலவு, பத்துப் புரோட்டான் வெளியே.

இதன் உறவுக்கார இயந்திரம் ஒன்று செல்லின் மின்நிலையமான மைட்டோகாண்ட்ரியாவில் எதிர்மாறாக வேலை செய்கிறது, அங்கே புரோட்டான் பாய்வதால் வளையம் சுற்றி ஏ.டி.பி. உருவாகிறது. அது சுற்றுவதை 1997இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் தண்டின் நுனியில் ஒளிரும் இழை ஒன்றைக் கட்டி மைக்ராஸ்கோப்பில் கண்ணாலேயே பார்த்தார்கள். அதே ஆண்டு அந்த இயந்திரத்தின் வேலையை விளக்கியதற்காக பாயர், வாக்கர் என்ற இரண்டு விஞ்ஞானிகளுக்கு வேதியியல் நோபல் கிடைத்தது.

இரத்தத்தின் பி.எச். 7.4. நல்ல சிறுநீரகம் சிறுநீரை 4.5 வரை இறக்கும், அதாவது இரத்தத்தைவிட ஏறக்குறைய 800 மடங்கு புரோட்டான் செறிவுள்ள இடத்துக்குள் இன்னும் இன்னும் தள்ள வேண்டும். அந்த ராட்டினத்தில் ஒரு பாகம் பழுதானாலும் இது நடக்காது. வெளியேறாத அமிலத்தை எலும்பு வாங்கிக்கொள்ளும், எலும்பு கரைந்து கால் வளையும், கரைந்த கால்சியம் சிறுநீரகத்திலேயே போய்ப் படியும், பொட்டாசியம் சிறுநீரில் வீணாகும், உயரம் நின்றுபோகும். ஸ்கேனில் இந்தப் பிள்ளையின் இரண்டு சிறுநீரகமும் உள்ளே வெள்ளை வெள்ளையாகத் தெரிந்தது.

காதுக்கு வருகிறேன். இந்தப் பம்பின் பி1 என்ற பாகம் உட்காதிலும் இருக்கிறது. அதை உருவாக்கும் மரபணு கெட்டால் சிறுநீரகக் கோளாறும் கேட்புக் குறைவும் சேர்ந்து வரும் என்று 1999இல் கண்டுபிடித்தார்கள். அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் பழுதான பிரதி வந்தால்தான் நோய். இந்தப் பிள்ளையின் அம்மா தன் தாய்மாமனைத்தான் கட்டியிருக்கிறார், நம் பக்கத்தில் எத்தனையோ வீடுகளில் அப்படித்தான். இதைக் கேட்டதும் பாட்டி அழ ஆரம்பித்துவிட்டார், கல்யாணத்தை முடித்து வைத்தது அவர்தானாம். யார் மேலும் குற்றம் சொல்ல நான் இதைக் கேட்பதில்லை. ஒவ்வொரு கர்ப்பத்திலும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு இருக்கிறது என்பதால் கூடப்பிறந்தவர்களைப் பார்க்க வேண்டும், அதற்காகத்தான்.

பெரியவர்களுக்கும் இது வரும். பீடி சுற்றும் நாற்பது வயதுப் பெண் ஒருவர் காலையில் பாயை விட்டு எழ முடியாமல் கிடந்தார், வாதம் என்று இரண்டு நாள் எண்ணெய் தேய்த்துவிட்டுக் கொண்டுவந்தார்கள், பொட்டாசியம் 1.9. வாய் வறண்டு சோறு விழுங்கக்கூடத் தண்ணீர் வேண்டியிருந்தது, கண்ணில் மண் விழுந்த மாதிரி உறுத்தல். ஷோகிரன் என்ற நோய், உடம்பின் எதிர்ப்புச் சக்தி உமிழ்நீர்ச் சுரப்பியையும் சிறுநீரகத்தையும் தாக்குகிறது, இப்படிப்பட்டவர்களின் சிறுநீரகத் திசுவை எடுத்துப் பார்த்தபோது அந்தச் செல்களின் சவ்வில் பம்பே காணாமல் போயிருந்தது என்று எழுதி வைத்திருக்கிறார்கள். திடீரென்று கை கால் விழுந்தால் எண்ணெய் தேய்த்துக்கொண்டு நேரம் கடத்தாதீர்கள், பொட்டாசியம் அவ்வளவு குறைந்தால் மூச்சுத் தசையும் இதயமும் சிக்கிக்கொள்ளும்.

வைத்தியம் விலை உயர்ந்ததில்லை. சோடா பைகார்பனேட் மாத்திரை, பொட்டாசியம் சிட்ரேட் சிரப், இவ்வளவுதான், ஆனால் நாள் முழுக்கப் பிரித்துப் பிரித்துக் கொடுக்க வேண்டும், ராத்திரி வேளையையும் விடாமல், ஆயுசுக்கும். பிள்ளை தேறிவிட்டாள் என்று நிறுத்தினால் திரும்பவும் அமிலம் ஏறும். இதைப் படித்துவிட்டுச் சமையல் சோடாவைக் கரைத்துக் கொடுத்துவிட வேண்டாம், பொட்டாசியத்தைச் சரிசெய்யாமல் காரம் மட்டும் ஏற்றினால் அது இன்னும் இறங்கி உயிருக்கே ஆபத்தாகும். கேஸ் மாத்திரை சாப்பிடுவதால் இந்தப் பம்பு அடைத்துக்கொள்ளுமா என்று கேட்கிறார்கள். இல்லை, வயிற்றில் இருப்பது வேறு வகைப் பம்பு, அது சுற்றுவதே இல்லை. அப்புறம், யூரினைக் காலையில் வீட்டில் பிடித்து மதியம் கொண்டுவராதீர்கள், வைத்திருந்தால் கிருமி பெருகி பி.எச். தானாக ஏறிவிடும். லேபிலேயே பிடித்துக் கொடுங்கள்.

காதை மாத்திரை காப்பாற்றாது. இதை முதல் நாளே சொல்லிவிடுவேன், ஏனென்றால் கால் நேரானதும் காதும் சரியாகும் என்று காத்திருந்து பேச்சு வரும் வயதைத் தவறவிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். நோய் உறுதியான வாரமே பெரா (BERA) என்ற காது கேட்கும் டெஸ்ட் எடுத்துவிடுங்கள்.

அந்தப் பாட்டியிடம் வீட்டில் வேறு குழந்தை உண்டா என்று கேட்டேன். நாலு மாதத்தில் ஒரு தம்பி இருந்தான், நன்றாகப் பால் குடிக்கிறான், அவனுக்கு ஒன்றும் இல்லை என்றார். மறுநாளே தூக்கிவரச் சொன்னேன். அவனுக்கும் பைகார்பனேட் 15, யூரின் பி.எச். 7. இப்போது அவனுக்கு இரண்டு வயது. அக்கா ஒன்றரை வருடத்தில் பதினெட்டு சென்டிமீட்டர் வளர்ந்திருக்கிறாள், அவன் காலில் வளைவு வரவே இல்லை. இரண்டு பேர் காதிலும் மிஷின், அதை அவன் கழற்றிப் போட்டால் எடுத்து மாட்டிவிடுவது அக்காவின் வேலை.